1,800 இணைப்புக்கு லினக்ஸ் ரவுட்டர்: எந்த சர்வர், எந்த கார்டு, விபிபி வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். தாலுகா ஊர் ஒன்றில் கேபிளோடு சேர்த்து இன்டர்நெட்டும் கொடுக்கிறீர்கள். 1,800 பிபிபிஓஇ இணைப்புகள், அதாவது ஒவ்வொரு வீடும் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே வருகிற வகை. ராத்திரி 9 மணிக்கு 4 ஜிபிபிஎஸ் ஓடுகிறது. இருக்கிற ரவுட்டருக்கு மூச்சு வாங்குகிறது. அதற்குப் பதில் ஒரு சர்வர் வாங்கி வையோஸ் என்கிற லினக்ஸ் ரவுட்டர் மென்பொருளைப் போடலாம் என்று இருக்கிறீர்கள். ஒருவர் “டிபிடிகே, விபிபி இல்லாமல் 10 ஜி ஓடாது” என்கிறார். இன்னொருவர் “சாதா லினக்ஸ் கர்னலே போதும்” என்கிறார். (கர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி. டிபிடிகே, விபிபி இரண்டும் அதை ஒதுக்கிவிட்டு பாக்கெட்டை வேகமாகத் தள்ளுகிற வேகமூட்டிகள், பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.) யார் சொல்வது சரி, எந்த சர்வர், எந்த கார்டு என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: உங்கள் ஊர் ட்ராஃபிக் இந்தப் பெட்டிக்குள் நுழைந்தால் எது முதலில் முட்டும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் சர்வரும் கார்டும் தானாக முடிவாகிவிடும். வேகமூட்டி வேண்டுமா என்பது கடைசியில் வருகிற கேள்வி. பலர் அதைத்தான் முதலில் கேட்டுப் பணத்தை இழக்கிறார்கள்.

நான் பதினான்கு வருடமாகச் சின்ன, நடுத்தர இன்டர்நெட் நிறுவனங்களுக்கு லினக்ஸ் ரவுட்டர் போட்டுப் பராமரிக்கிறேன். 40 ஜிபிபிஎஸ் வரை நேரடியாக ஓட்டியிருக்கிறேன். 100 ஜி கார்டுகளைச் சோதனை மேசையில் மட்டும்தான் தொட்டிருக்கிறேன். அதனால் அந்த அளவைப் பற்றி இங்கே பெரிதாகப் பேசப் போவதில்லை.

எத்தனை ஜிபிபிஎஸ் என்ற கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். ரவுட்டருக்கு வேலை பாக்கெட் கணக்கில்தான். 1,500 பைட் பாக்கெட் வந்தாலும் 64 பைட் பாக்கெட் வந்தாலும், தலைப்பைப் படித்து, வழி தேடி, அடுத்த வாசலுக்குத் தள்ளுகிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். அதற்கு முன்னும் பின்னும் கம்பியில் போகிற இடைவெளியும் முன்குறியும் சேர்ந்து இன்னொரு 20 பைட். ஆக 84 பைட், அதாவது 672 பிட். 10 ஜி கம்பி முழுக்க இப்படிச் சின்ன பாக்கெட்டாக வந்தால் வினாடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கிற நேரம் 67 நானோ வினாடி. 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸருக்கு அது சுமார் 200 துடிப்பு. கேஷில், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற சின்ன நினைவகத்தில், இல்லாத ஒன்றைத் தேடி ப்ராசஸர் ரேமுக்கு ஒரு தடவை போய்வந்தாலே 80, 100 நானோ வினாடி ஆகிவிடும். “கர்னலால் 10 ஜி முடியாது” என்கிறவர் மனதில் இருப்பது இந்தக் கணக்குதான். அந்தக் கணக்கு சரி. அதே 10 ஜி 1,518 பைட் ஃபிரேமாக வந்தால் வினாடிக்கு 8 லட்சத்துச் சொச்சம் பாக்கெட்தான். ஒரே கம்பி, ஒரே வேகம், வேலை மட்டும் பதினெட்டு மடங்கு வித்தியாசம்.

உங்கள் ஊர் ட்ராஃபிக் இந்த இரண்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். இப்போது இருக்கிற ரவுட்டரில் ராத்திரி 9 மணிக்கு, மேலிருந்து, அதாவது உங்களுக்கு இன்டர்நெட் தருகிற நிறுவனத்திடமிருந்து, வருகிற போர்ட்டின் பைட் எண்ணிக்கையையும் பாக்கெட் எண்ணிக்கையையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை குறித்து, வித்தியாசத்தை வகுத்துப் பாருங்கள். வீட்டு இணைப்புகள் நிறைந்த இடத்தில் இறங்குகிற பக்கம் வீடியோதான் அதிகம் என்பதால், சராசரி பாக்கெட் பெரிதாகவே இருக்கும். 900 பைட் என்று வைத்துக்கொண்டால் 4 ஜிபிபிஎஸுக்கு வினாடிக்கு ஐந்தரை லட்சம் பாக்கெட். ஏறுகிற பக்கம் பைட் குறைவு, ஆனால் ‘வந்து சேர்ந்தது’ என்று திருப்பிச் சொல்கிற ஒப்புகை பாக்கெட்டுகள் நிறைய. அது ஒரு 3 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் எட்டரை லட்சம் பக்கம் வருகிறது. இந்த 900, இந்த 3 லட்சம் இரண்டும் என் அனுபவ ஊகம்தான், உங்கள் எண்ணை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஒரு கோடியே நாற்பத்தெட்டு லட்சத்துக்கு இது பக்கத்தில்கூட வராது என்பதை மட்டும் இப்போதே உறுதியாகச் சொல்லலாம்.

இந்த எட்டரை லட்சத்தை லினக்ஸ் கர்னல் தாங்குமா? நல்ல ப்ராசஸரில், கான்ட்ராக் (ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைக்கிற கர்னல் வசதி) இல்லாமல் வெறும் ரவுட்டிங் என்றால், ஒரு கோருக்கு வினாடிக்கு 10 லட்சம் பாக்கெட்டை ஒட்டி எதிர்பார்க்கலாம் என்பது நான் எப்போதும் கையில் வைத்திருக்கிற தோராயக் கணக்கு. பிபிபிஓஇ அவிழ்ப்பது, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர வைக்கிற நேட், ஃபயர்வால் விதிகள் என்று சேர்ந்தால் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். அப்படி இறங்கினாலும் எட்டு கோர் உள்ள ஒரு பெட்டிக்கு உங்கள் சுமை கனமே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: அந்தச் சுமை எட்டு கோருக்கும் பிரிந்து போக வேண்டும். எல்லாச் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நெட்வொர்க் கார்டு வருகிற பாக்கெட்டைப் பல வரிசைகளாக, அதாவது க்யூக்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு க்யூவையும் ஒவ்வொரு கோர் கவனிக்கும். எந்த பாக்கெட் எந்த க்யூ என்பதை ஆர்எஸ்எஸ் என்கிற முறை முடிவு செய்கிறது. பாக்கெட்டின் அனுப்புநர், பெறுநர் ஐபி முகவரிகளையும் போர்ட் எண்களையும் எடுத்து ஒரு ஹாஷ் போட்டு, அதன்படி பிரிக்கும். பிபிபிஓஇ பாக்கெட்டில் ஈதர்நெட் தலைப்புக்கு அப்புறம் பிபிபிஓஇ தலைப்பு, அதற்குப் பின்னால்தான் ஐபி. பழைய கார்டுகள் பலவற்றுக்கு அதைத் தாண்டி உள்ளே பார்க்கத் தெரியாது. ஐபி பாக்கெட் இல்லை என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் ஒரே க்யூவில் தள்ளிவிடும்.

ஒரு நிறுவனத்தில் எனக்கு இது நேர்ந்தது. இருபது கோர் உள்ள பழைய சர்வர், இரட்டை 10 ஜி கார்டு. ராத்திரி எட்டரைக்கு மேல் “வீடியோ நின்று நின்று வருகிறது” என்று போன் மேல் போன். கிராஃப் 2.6 ஜிபிபிஎஸில் கத்தியால் வெட்டியதுபோலத் தட்டையாக நிற்கிறது. ப்ராசஸர் பயன்பாடு என்று பார்த்தால் மொத்தமாக 9 சதவீதம். மேலே கேட்டால் அவர்கள் லிங்க் காலியாக இருக்கிறது என்கிறார்கள். இரண்டு நாள் மேலிருக்கும் நிறுவனத்தோடு மல்லுக்கு நின்றேன். மூன்றாம் நாள்தான் கோர் வாரியாகப் பிரித்துக் காட்டுகிற எம்பிஸ்டாட் கட்டளையை ஓட்டினேன். பத்தொன்பது கோர் தூங்குகிறது. ஏழாம் எண் கோர் மட்டும் சாஃப்ட் இன்டரப்ட் என்கிற பத்தியில் 100 சதவீதம். கார்டின் விவரம் காட்டுகிற எத்டூல் கட்டளையில் பார்த்தால் வாடிக்கையாளர் பக்கத்து போர்ட்டில் க்யூ சுழியத்தின் எண் மட்டும் ஓடுகிறது, மற்ற பதினைந்து க்யூவும் அசையாமல் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இறங்குகிற ட்ராஃபிக் மேலிருந்து வெறும் ஐபியாகத்தான் வருகிறது. அந்த போர்ட்டில் ஆர்எஸ்எஸ் அழகாகப் பிரித்துக்கொண்டிருந்தது. முட்டியது ஏறுகிற பக்கம். வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிற ஒப்புகை பாக்கெட்டுகள் அந்த ஒரு கோரில் நெரிந்து விழுந்துகொண்டிருந்தன. ஒப்புகை வராததால் எதிர்முனை சர்வர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டன. ஏறுகிற பக்கத்து நெரிசல், இறங்குகிற கிராஃபில் தெரிந்தது. இந்த நிலையில் புதிதாக 64 கோர் சர்வர் வாங்கியிருந்தாலும் அதே 2.6இல்தான் நின்றிருக்கும்.

அன்றைக்குக் கைகொடுத்தது ஆர்பிஎஸ். கார்டு செய்யத் தவறிய பிரிப்பைக் கர்னலே மென்பொருளில் செய்கிற வசதி அது, 2010இல் 2.6.35 கர்னலில் வந்தது. கர்னலுக்கு பிபிபிஓஇ தலைப்பைத் தாண்டி உள்ளே இருக்கிற ஐபியைப் படிக்கத் தெரியும். அந்த க்யூவின் ஆர்பிஎஸ் கோப்பில் எந்தெந்த கோர் என்று எழுதி சேவ் செய்த நிமிடத்தில் கிராஃப் மேலே ஏறியது. அது முழுத் தீர்வு அல்ல, ஏனென்றால் பிரித்துக் கொடுக்கிற வேலையை அந்த ஒரு கோர்தான் இன்னும் செய்கிறது. ஆனால் உங்கள் அளவுக்கு அது தாராளமாகத் தாங்கும். இதைவிட எளிய இன்னொரு வழி, ஓஎல்டிகளை, அதாவது வீடுகளின் ஃபைபர் வந்து சேருகிற பெட்டிகளை, ஒரே 10 ஜி போர்ட்டில் சேர்க்காமல் தனித்தனி போர்ட்டுகளில் பிரித்துப் போடுவது. நான்கு போர்ட் என்றால் குறைந்தது நான்கு க்யூ, நான்கு கோர். பைசா செலவில்லாத வேகமூட்டி இது.

சரி, கார்டு. பழைய சந்தையில் அதிகம் கிடைப்பது இன்டெல் எக்ஸ்520. வெறும் ரவுட்டிங்குக்கு இன்றும் உழைக்கும், ஆனால் பிபிபிஓஇ பக்கத்துக்கு நான் மேலே சொன்ன பிரச்சினை வரும். அடுத்தது எக்ஸ்710. அதன் ஃபர்ம்வேர், பக்கத்துக் கருவி எது என்று அறிவிக்கிற எல்எல்டிபி பாக்கெட்டுகளைத் தானே எடுத்துக்கொள்ளும், மேலே இயங்குகிற மென்பொருளுக்குத் தெரியாது. எத்டூலில் ஒரு கொடியை மாற்றினால் சரியாகிவிடும். தெரியாவிட்டால் அரைநாள் போய்விடும். இ810 கார்டில் தொலைத்தொடர்புக்கென்று தனியாக டிடிபி என்கிற கூடுதல் நிரல் தொகுப்பு உண்டு, அதை ஏற்றினால் கார்டுக்கு பிபிபிஓஇ தலைப்பு புரியும். அதைக் கொண்டு க்யூ பிரிப்பு நடக்குமா என்பது ட்ரைவர் பதிப்பைப் பொறுத்து மாறுகிறது. அதனால் “இ810 வாங்கினால் தீர்ந்தது” என்று நான் சொல்லமாட்டேன், வாங்குவதற்கு முன் ஒரு கார்டைக் கடனாகப் போட்டுச் சோதித்துப் பாருங்கள். மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-4 எல்எக்ஸ், கனெக்ட்எக்ஸ்-5 இரண்டும் எனக்குப் பிடித்தவை. பின்னாளில் டிபிடிகேவுக்குப் போனாலும் கர்னல் ட்ரைவரை விடாமல் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். இன்டெல் கார்டில் டிபிடிகே என்றால் கார்டைக் கர்னலிடமிருந்து பிடுங்கிக் கொடுக்க வேண்டும், லினக்ஸ் பக்கம் அந்த போர்ட்டே மறைந்துவிடும்.

கார்டு பற்றி இன்னொரு சங்கதி, நேட் போடுகிறவர்களுக்கு முக்கியம். இன்டெல்லின் சில ட்ரைவர்கள் யுடிபி பாக்கெட்டுக்கு போர்ட் எண்ணைச் சேர்க்காமல் ஐபி முகவரிகளை மட்டும் வைத்து ஹாஷ் போடும். யூடியூப் பெரும்பாலும் குயிக் நெறிமுறையில், அதாவது யுடிபியில்தான் வருகிறது. ஒரு பக்கம் கூகுளின் ஒரு சில கேஷ் சர்வர் முகவரிகள், இன்னொரு பக்கம் உங்கள் நேட்டின் ஒரு சில பொது ஐபிகள். இரண்டு பக்கமும் முகவரி குறைவு என்பதால் பாதி ட்ராஃபிக் இரண்டு மூன்று க்யூவிலேயே குவிந்துவிடும். எத்டூலில் யுடிபிக்கும் போர்ட் எண்ணைச் சேர்க்கச் சொல்லி ஒரு வரி கொடுத்தால் போதும்.

ப்ராசஸரில் கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். 2.2 கிகாஹெர்ட்ஸில் இருபது கோரைவிட 3.5க்கு மேல் ஓடுகிற எட்டு கோர் உங்களுக்கு நல்லது. ஜியான் இ வரிசையோ, இசிசி ரேம் ஏற்கிற ரைசன் பலகையோ போதும். கண்டிப்பாக ஒரே சாக்கெட். இரட்டை சாக்கெட் சர்வரில் ஒவ்வொரு பிசிஐ ஸ்லாட்டும் ஏதோ ஒரு ப்ராசஸரோடுதான் பிணைந்திருக்கும். கார்டு ஒரு பக்கம், வேலை செய்கிற கோர் மறுபக்கம் என்று அமைந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் பாலம் தாண்டிப் போய்வர வேண்டும். தெரிந்தவர் பார்த்து அமைத்தால் சமாளிக்கலாம். ஆனால் உங்கள் அளவுக்கு அந்தத் தலைவலியே தேவையில்லை. ரேம் 16 ஜிபியோ 32 ஜிபியோ, எல்லாச் சானலிலும் குச்சி இருக்கும்படி போடுங்கள். ஒரே குச்சியாக 32 போட்டால் ரேமின் வேகம் பாதிதான் கிடைக்கும்.

ஸ்லாட்டைப் பார்க்காமல் சர்வர் வாங்காதீர்கள். ஒருமுறை பழைய சர்வர் ஒன்றில் எட்டு லேன் நீளமுள்ள ஸ்லாட்டில் கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லாம் வேலை செய்தது. இரண்டு போர்ட்டும் சேர்ந்து ஏறினால் மட்டும் 13 ஜிபிபிஎஸ் பக்கத்தில் பாக்கெட் விழ ஆரம்பிக்கும். எல்எஸ்பிசிஐ கட்டளையை விவரமாகக் காட்டச் சொன்னபோதுதான் தெரிந்தது, கார்டின் தகுதி 8 லேன், கிடைத்த இணைப்பு 4 லேன். ஸ்லாட்டின் உடம்புதான் நீளம், உள்ளே பாதிக்குத்தான் கம்பி. இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேனுக்கு 4 ஜிபிபிஎஸ், ஆக 16. அதில் நிர்வாகச் செலவு போனால் கிட்டத்தட்ட நான் கண்ட அளவுதான் மிஞ்சும். மூன்றாம் தலைமுறை 8 லேன் என்றால் 63 ஜிபிபிஎஸ் பக்கம் வரும், உங்களுக்குப் போதும் போதும். பயாஸில் மின்சேமிப்பைக் குறைத்து முழுவேக அமைப்பில் வையுங்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து கோர் விழிப்பதற்குள் கார்டின் காத்திருப்பு வளையத்தில் பாக்கெட் நிரம்பி வழிந்துவிடும்.

என்100 ப்ராசஸர் போட்ட நான்கு போர்ட் குட்டிப் பெட்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்கும், ஐம்பது பேர் அலுவலகத்துக்கும் அது அருமையான பெட்டி. நான்கு கோர், ஒரே ஒரு ரேம் சானல், மொத்தமே ஒன்பது பிசிஐ லேன், 2.5 ஜி போர்ட்டுகள். 1,800 குடும்பங்களின் ராத்திரியை அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

அடுத்து நேட். ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாகப் பார்த்துத் தள்ளுவது ஒரு வேலை, ஒவ்வொரு உரையாடலையும் நினைவில் வைத்துக்கொண்டு தள்ளுவது வேறு வேலை. கான்ட்ராக் செய்வது இரண்டாவது. பல 64 பிட் கணினிகளில் அதன் அட்டவணைக்கு 2,62,144 பதிவுதான் இயல்பான எல்லை. ஒரு வீட்டுக்கு உச்ச நேரத்தில் 200 உரையாடல் என்று வைத்தாலே உங்களுக்கு 3,60,000 வந்துவிடும். எல்லை நிரம்பினால் கர்னல் புதிய இணைப்புகளைக் கீழே போடும், பதிவேட்டில் அட்டவணை நிரம்பிவிட்டது என்று ஒரு வரி வரும். வாடிக்கையாளர் பார்ப்பது என்னவென்றால் ஓடுகிற வீடியோ ஓடும், புதிய பக்கம் மட்டும் திறக்காது. எல்லையை 10 லட்சத்துக்கு மேல் ஏற்றுங்கள், சில நூறு எம்பி ரேம்தான் செலவு. ஹாஷ் அட்டவணையையும் அதற்கேற்பப் பெரிதாக்குங்கள். நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கு இயல்பான காலாவதி 4,32,000 வினாடி, அதாவது ஐந்து முழு நாள். அதைச் சில மணி நேரமாகக் குறையுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, வாடிக்கையாளர்களுக்கு ஐபிவி6 கொடுப்பது. யூடியூப், ஃபேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ் மூன்றும் ஐபிவி6இல் கிடைக்கின்றன. உங்கள் ராத்திரி ட்ராஃபிக்கின் பெரும்பகுதி நேட்டைத் தொடாமலே போய்விடும். எந்த வேகமூட்டியும் இந்த அளவுக்குச் சுமையைக் குறைத்து நான் பார்த்ததில்லை.

இப்போது வேகமூட்டிகளுக்கு வருகிறேன். கர்னலுக்குள்ளேயே இருப்பது என்எஃப்டேபிள்ஸின் ஃப்ளோடேபிள், 2018இல் 4.16 கர்னலில் வந்தது. ஓர் உரையாடலின் முதல் சில பாக்கெட்டுகள் முழுப் பாதையில் போகும், மீதி குறுக்குச் சந்தில் போகும். நேட் போடுகிற பெட்டியில் நல்ல பலன் தரும். ஆனால் குறுக்குச் சந்தில் போகிற பாக்கெட்டுகள் உங்கள் ஃபார்வர்டு விதிகளைத் தாண்டிப் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது, அங்கே எண்ணிக்கை வைத்திருந்தால் கணக்கு தப்பும். வீட்டு ரவுட்டர்களில் ஓபன்டபிள்யூஆர்டி போட்டு மீடியாடெக் சிப்பில் இதையே வன்பொருளில் செய்கிறார்கள், சர்வர் உலகில் அது அவ்வளவு சுலபமாக வாய்க்காது.

எக்ஸ்டிபி 2016இல் 4.8 கர்னலில் சேர்ந்தது. பாக்கெட் கர்னலின் வழக்கமான பாதைக்குள் நுழைவதற்கு முன், ட்ரைவரின் வாசலிலேயே ஒரு சின்ன இபிபிஎஃப் நிரல் அதைப் பார்த்து முடிவெடுக்கும். இதன் பெரிய உபயோகம் தாக்குதல் பாக்கெட்டை வாசலிலேயே கொட்டுவது. 2018இல் அதை உருவாக்கியவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரே கோரில் வினாடிக்கு 2 கோடியே 40 லட்சம் பாக்கெட்டைக் கொட்டிக் காட்டினார்கள். கொட்டுவதற்கான எண் அது, ரவுட்டிங்குக்கானது அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்கள் ட்ரைவர் எக்ஸ்டிபியை நேரடியாக ஆதரிக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுமுறையில் ஓடும், அதில் வேகம் கிடைக்காது.

டிபிடிகே 2010இல் இன்டெல்லில் தொடங்கியது, இன்று லினக்ஸ் ஃபவுண்டேஷனில் இருக்கிறது. கர்னலை முழுக்க ஒதுக்கிவிட்டு, கார்டை நிரலே நேராக ஓயாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன்மேல் நிற்கிற ரவுட்டர்தான் விபிபி, சிஸ்கோவில் பிறந்து 2016இல் எஃப்டி.ஐஓ திட்டத்தில் திறந்த மூலமானது. அதன் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கர்னல் ஒரு பாக்கெட்டை எடுத்து எல்லா வேலையையும் முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும். விபிபி 256 பாக்கெட் வரை கட்டாக எடுத்து, எல்லாவற்றுக்கும் முதல் வேலை, அப்புறம் எல்லாவற்றுக்கும் இரண்டாவது வேலை என்று போகும். கல்யாண வீட்டில் ஒருவர் ஒரு இலைக்கு எல்லாப் பதார்த்தத்தையும் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போவதற்கும், சாம்பார் வாளியோடு ஒருவர் பந்தி முழுக்க ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம். அந்த வேலைக்கான நிரல் ப்ராசஸரின் கேஷிலேயே இருக்கும், ரேமுக்குப் போக வேண்டியதில்லை. நல்ல கார்டில், எளிய ஐபிவி4 ரவுட்டிங்கில், ஒரு கோருக்கு ஒரு கோடி பாக்கெட் என்கிற அளவு இதில் எட்டக்கூடியதுதான்.

அப்படியென்றால் ஏன் உடனே போடச் சொல்லவில்லை? விலை இருக்கிறது. கார்டு கர்னலிடம் இல்லை என்றால், உங்களுக்குப் பழக்கமான டிசிபிடம்ப் அந்த ட்ராஃபிக்கைப் பார்க்காது. லினக்ஸ்-சிபி என்கிற செருகுநிரல் நிழல் போர்ட்டுகளை உருவாக்கித் தரும். எஃப்ஆர்ஆர், பேர்ட் போன்ற பிஜிபி (மற்ற நிறுவனங்களோடு வழிகளைப் பரிமாறிக்கொள்கிற நெறிமுறை) மென்பொருள்கள் அதன்மேல் நன்றாக ஓடும், நானும் ஓட்டுகிறேன். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் ஒரு தளம் திறக்கவில்லை என்றால், விபிபியின் சொந்தக் கருவிகளில் தடம்பிடிக்கத் தெரிந்த ஆள் உங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். 1,800 பிபிபிஓஇ வாடிக்கையாளர், ஒவ்வொருவருக்கும் ரேடியஸ் என்கிற கணக்கு சர்வரிலிருந்து வேகக் கட்டுப்பாடு என்கிற வேலைக்கு வையோஸுக்குள் இருக்கிற பிபிபிஓஇ சர்வரான ஆக்செல்-பிபிபி, கர்னல் பாதையில் வருடக்கணக்காக அடிபட்டுத் தேறியது. விபிபி பக்கம் அந்த முதிர்ச்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்புறம், எட்டிப் பார்க்கிற கோர்கள் ட்ராஃபிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் 100 சதவீதத்தில் நிற்கும். அதிகாலை நான்கு மணிக்கும் அதே மின்சாரம், அதே சூடு. மின்வெட்டு வருகிற ஊரில் யுபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கை மாற்றிப் போட வேண்டும்.

அதனால் என் பரிந்துரை, வேலையை இரண்டு பெட்டியாகப் பிரியுங்கள். வாடிக்கையாளர் பக்கம் ஒன்று: பிபிபிஓஇ, வேகக் கட்டுப்பாடு, நேட் எல்லாம் அதில், சாதாரண கர்னலில். மேல்பக்கம் ஒன்று: பிஜிபி மட்டும், நினைவு வைத்துக்கொள்ளாத வெறும் ரவுட்டிங், அதில் கான்ட்ராக் ஏறவே கூடாது. இன்று அதுவும் கர்னலிலேயே ஓடட்டும். மேல் இணைப்பு ஒன்றே ஒன்று என்றால் முழு பிஜிபி அட்டவணையான சுமார் 10 லட்சம் ஐபிவி4 வழிகளை இழுத்து வைக்க வேண்டியதே இல்லை, இயல்புவழி ஒன்று போதும். சென்னையில் நிக்ஸி போன்ற இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து இரண்டாவது மேல் இணைப்பும் எடுக்கிற நாளில் வழிகளைக் கூட்டிக்கொள்ளலாம். ட்ராஃபிக் 15, 20 ஜிபிபிஎஸைத் தொடும்போதோ, சின்ன பாக்கெட் தாக்குதல் அடிக்கடி வரும்போதோ, விபிபிக்கு மாற வேண்டியது இந்த மேல்பக்கத்துப் பெட்டிதான். அதற்கு மட்டும் இப்போதே கனெக்ட்எக்ஸ் கார்டு போட்டு வைத்தால் பெட்டியை மாற்றாமலே மாறலாம். கீழ்ப்பக்கத்துப் பெட்டி பெருத்தால், இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து ஓஎல்டிகளைப் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். பாதிப் பேர் மட்டும் பாதிக்கப்படுகிற கோளாறு, எல்லோரும் பாதிக்கப்படுகிற கோளாறைவிட எவ்வளவோ மேல்.

நீங்கள் சொன்ன ஒன்றரை லட்சம் ரூபாய் பட்ஜெட்டில் ஒரே பெரிய புது சர்வருக்குப் பதில், ஒரே மாதிரியான சற்றுப் பழைய ஒரு சாக்கெட் பெட்டிகள் மூன்று தேடுங்கள். இரண்டு வேலைக்கு, ஒன்று அப்படியே அலமாரியில். கார்டும், அதில் ஃபைபரைச் செருகுகிற எஸ்எஃப்பியும்கூட ஒரே வகையாக இருக்கட்டும். இடி விழுந்த மறுநாள் அதன் அருமை தெரியும்.

வாங்கியதும் வேகம் அளக்கிற ஐபெர்ஃப் கருவியை ஓட்டி 9.4 ஜிபிபிஎஸ் வந்துவிட்டது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். அது 1,500 பைட் பாக்கெட்டை ஒரு சில இணைப்பில் அனுப்புகிறது, நான் மேலே சொன்ன ஒரு பிரச்சினையையும் அது காட்டாது. ட்ரெக்ஸ் என்கிற திறந்த மூலக் கருவியைப் பழைய கணினி ஒன்றில் போட்டு, சின்னதும் பெரிதும் கலந்த பாக்கெட்டுகளை, ஆயிரக்கணக்கான முகவரிகளோடு அனுப்புங்கள். 40, 576, 1,500 பைட் பாக்கெட்டுகளை 7க்கு 4க்கு 1 என்ற விகிதத்தில் கலப்பது வழக்கம், சராசரி 340 பைட் வரும். உங்கள் நிஜ ட்ராஃபிக்கைவிட இது கடினமான சோதனை, இதில் தேறினால் பயமில்லாமல் மாற்றலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை. இன்று ராத்திரி 9 மணிக்கு, மேல் போர்ட், கீழ் போர்ட் இரண்டிலும் ஒரு நிமிட இடைவெளியில் பைட், பாக்கெட் எண்களை எடுங்கள். நேட்டில் எத்தனை உரையாடல் இருக்கிறது என்ற எண்ணையும், ஓஎல்டிகள் எத்தனை, அவை ரவுட்டருக்கு எத்தனை போர்ட்டில் வருகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை இங்கே பதிலாகப் போட்டால், கார்டு எத்தனை போர்ட்டுடன் எடுக்கலாம், எந்தக் கோருக்கு எந்த க்யூ என்று உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.